திறக்காத விரல்

அத்தியாயம் 7

பழனிக்குமாரின் உடம்பு கிடைத்து மூன்று நாளாகிவிட்டது. அவனுடைய வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

கரட்டுக்குளம் பேரூராட்சி அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்று செபாஸ்தியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையில் ரத்தம் காய்ந்து கறுத்துப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சுவரில் தெறித்தது மின்விசிறி சுவிட்சு வரைக்கும் ஏறியிருந்தது. ஒன்பதாம் தேதி மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கழுத்திலும் தோளிலுமாக ஏழு வெட்டு. எட்டாவது வெட்டு விரலுக்கு. முப்பத்தோரு வருடம் போலீசில் இருந்து ஹெட் கான்ஸ்டபிளாக ஓய்வு பெற்ற அவளுக்கு வெட்டு புதிதில்லை. ஆனால் செத்தவனின் விரலை எடுத்துக்கொண்டு போனவனை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"அக்கா, வாசல்ல நின்னு ஜெபம் பண்ணது போதும். உள்ள வாங்க" என்றாள் நர்கீஸ்.

"ரத்தத்த மிதிக்காம கால எங்க வைக்கிறதுன்னு பாக்குறேன் தாயி. அறுபது வயசுல என்னையப் பாண்டி விளையாட வச்சுட்ட."

நர்கீஸ் சிரிக்கவில்லை. திண்டுக்கல் பேகம்பூரில், அப்பாவின் தோல் குடோனுக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். அவளையும் செபாஸ்தியம்மாளையும் சேர்த்து அங்கே மொத்தம் இரண்டு பேர். இன்ஸ்பெக்டர் ஒரு காலத்தில் செபாஸ்தியம்மாளிடம் வேலை பழகியவர் என்பதால் இந்த அறைக்குள் அரை மணி நேரம் அனுமதி கிடைத்திருந்தது. அதில் பத்து நிமிஷம் போய்விட்டது.

மேஜை மேல் ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி. கொலைக்குக் காரணம் அதுதான் என்று ஊரே சொன்னது.

உள்ளாட்சி அலுவலகக் கம்ப்யூட்டர்களைத் இணையத் திருடர்கள் எங்கிருந்தோ பூட்டிப் பணம் பறிக்காமல் இருக்க மாநில அரசு போட்ட உத்தரவு அது. ஊரின் எல்லாப் பதிவுகளும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஒரே ஒரு ஊழியரின் விரலுக்குத்தான் பெட்டி திறக்க வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் சென்னையில் உள்ள பாதுகாப்பு மையத்தோடு அதை இணைத்துவிட வேண்டும். இணைத்த பிறகு இங்கிருந்து ஒரு எழுத்தைக்கூட அழிக்க முடியாது.

ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. போன ஜூன் மாதம் சோதனை பார்க்கிறோம் என்று சென்னைக்காரர்கள் பெட்டியைப் பூட்டியபோது தண்ணீர் மோட்டார்களும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. மூன்று நாள் ஊருக்கே சொட்டுத் தண்ணீர் இல்லை. குடத்தோடு பெண்கள் திருச்சி ரோட்டில் உட்கார்ந்தார்கள். பேரூராட்சித் தலைவர் தமிழ்மதி மன்றத்தைக் கூட்டி, எங்கள் ஊர்ச் சாவி எங்கள் கையில்தான் இருக்கும் என்று தீர்மானம் போட்டார். அவருடைய கணவர் ஒரு படி மேலே போய், பெட்டியைச் சென்னையோடு இணைத்தால் கையை வெட்டுவேன் என்று கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பழனிக்குமாரைச் சந்தையில் வைத்தே மிரட்டியிருந்தார். இப்போது அவர் போலீஸ் காவலில். தமிழ்மதி நர்கீஸைத் தேடி வந்தது அதனால்தான்.

"அக்கா, இந்தக் கண்ணாடியப் பாருங்க."

பெட்டியின் முன்பக்கம் விரல் வைக்கும் சின்னக் கண்ணாடி. அதன் மேல் ரத்தக் கறை, ஒன்றின் மேல் ஒன்றாக.

"விரல வெட்டி வச்சுத் திறந்திருக்கான்" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"திறந்திருந்தா ஒரு கறை இருக்கும். எண்ணுங்க."

செபாஸ்தியம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "ஒம்பது பத்து இருக்கும் போல."

"பதினொண்ணு. நேரா வச்சிருக்கான், சாச்சு வச்சிருக்கான், துடைச்சுட்டு வச்சிருக்கான். பெட்டி திறக்கவே இல்ல."

"ஏன், செத்தவன் விரலுக்குத் திறக்காதா?"

"உயிரோட இருந்தப்பவும் அவரு விரலுக்குத் திறந்திருக்காது." நர்கீஸ் போனை எடுத்து, பிணப் பரிசோதனையின்போது எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள். பழனிக்குமாரின் இடது உள்ளங்கை. விரல் நுனிகள் வழுவழுவென்று வெண்மையாக இருந்தன. "இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒம்பது வருஷம் தோல் பதனிடுற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில நின்ன ஆளு. எங்க அத்தா குடோன்ல பாதிப் பேருக்கு இதே கைதான். ரேஷன் கடை மிஷின்ல விரல வச்சா அது அவுகளை மனுசனாவே மதிக்காது. ரேகை அம்புட்டும் தேஞ்சு போயிருக்கும்."

"அப்பப் பெட்டியில யாரு விரல் இருக்கு?"

"அதத் தலைவர்கிட்டத்தான் கேக்கணும்."

வெளியே அலுவலக முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, துணைத் தலைவர் காமராஜ் மைக் இல்லாமலே பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, கரகரத்த குரல். "நம்ம ஊர்க் கிணத்த நம்ம திறக்கக் கூடாதாம். மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்திருக்கவன் திறப்பானாம். நம்ம பழனி உசிரு போனதுக்கு அந்தப் பெட்டிதான் காரணம். அதத் தூக்கிக் குளத்துல போடுற வரைக்கும் நான் வீட்டுக்குப் போகமாட்டேன்." கூட்டம் கை தட்டியது. செபாஸ்தியம்மாளுக்கே கை தட்டலாம் போல இருந்தது. அவள் குடியிருக்கும் தெருவிலும் ஜூன் மாதம் எவனோ ஒருவன் எங்கோ இருந்துகொண்டு என்னவோ செய்ததில் ரேஷன் கார்டு இரண்டு வாரம் வேலை செய்யவில்லை.

தமிழ்மதி தன் அறையில் தனியாக இருந்தார். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். நர்கீஸ் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே கேட்டாள்.

"பெட்டியில பதிஞ்சிருக்கிறது யாரு விரல்ங்க?"

"பழனிக்குமாருடையதுதான். சென்னைக்கு அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கோம்."

"எழுதிக் குடுத்தது தெரியும். அவரு டவுன்ல இருந்து ஒம்பதே முக்கால் பஸ்ஸுல வர்றவரு. நீங்க குடுத்த ஃபைல்ல இருக்கிற மாச அறிக்கையில, தினமும் பெட்டி திறந்த நேரம் அஞ்சரை மணின்னு இருக்கு. அஞ்சரைக்கு இந்த ஆபீசுக்குள்ள வர்றது யாரு?"

தமிழ்மதி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அய்யம்மாக்கா. தண்ணி திறந்துவிடுறவுக. பழனிக்கு விரல் விழல. வேற ஆளப் பதியணும்னா கணினி படிச்ச நிரந்தர ஊழியர்தான் வேணும்னு மெட்ராஸ்ல சொல்லிட்டாக. நிரந்தர ஊழியருக்கு நான் எங்க போறது? செயல் அலுவலர் பதவியே நாலு மாசமாக் காலி. அதான் அய்யம்மாக்கா விரலப் பழனி பேர்ல பதிஞ்சோம். தப்புத்தான்."

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, பழனிக்கு, அய்யம்மாக்காவுக்கு. அப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு. அவருதான் அக்காவக் கூட்டிட்டு வந்து விரல வைக்கச் சொன்னது."

நர்கீஸ் செபாஸ்தியம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். செபாஸ்தியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பழனிக்குமாரின் விரல் திறக்காது என்று தெரிந்த மனிதன் எதற்காக அதை வெட்டப் போகிறான்?

"உங்க வீட்டுக்காரர் கொலை பண்ணலம்மா" என்றாள் அவள். "கொலைகாரனா இருந்தா இதவிட விவரமா வெட்டியிருப்பாரு."

தமிழ்மதி முகத்தைப் பொத்திக்கொண்டார். நர்கீஸ் அவர் அழுது முடிக்கக் காத்திருக்கவில்லை.

"மேடம், வெட்டினவன் இப்பவும் அந்தப் பெட்டியத் திறக்கத்தான் பாக்குறான். பதினஞ்சாம் தேதிக்குள்ள உள்ள இருக்கிற எதையோ அழிக்கணும் அவனுக்கு. அறிக்கையப் பாத்தா நேரம் எனக்குத் தெரிஞ்ச மாதிரி அவனுக்கும் தெரியும். அறிக்கை யாருக்கெல்லாம் போகுது?"

"பொறுப்புச் செயல் அலுவலருக்கு. பெட்டிய மாட்டின கம்பெனியோட தணிக்கையாளருக்கு. துணைத் தலைவர் காமராஜ் அண்ணனுக்கு."

"சரி. அக்கா, எனக்கொரு டீ வாங்கிட்டு வாங்களேன்."

செபாஸ்தியம்மாள் முறைத்தாள். தன்னை வெளியே அனுப்பத்தான் இந்த டீ என்பது தெரியாதா அவளுக்கு. "சர்க்கரை போட்டா, போடாமயா? இல்ல, டீயே இல்லாமயா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது தமிழ்மதி போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் மூன்று வரி எழுதிய காகிதம் இருந்தது. நர்கீஸ் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இனி அய்யம்மாவ வீட்டுலயே பத்திரமா உக்கார வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தன் போனில் எண்ணை அழுத்தினாள். எடுத்தது அய்யம்மாளின் மருமகள்.

"அத்தை வீட்டுல இல்லைங்களே. மூணாம் நம்பர் பம்பு ரூம்ல பைப்பு கசியுதுன்னு காலையிலயே போயிட்டாக."

நர்கீஸின் முகத்தில் ரத்தம் வற்றியதைச் செபாஸ்தியம்மாள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். டீ டம்ளர் கவிழ்ந்தது. நர்கீஸ் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தாள்.

"மூணாம் நம்பர்னா என்ன தாயி? ஏன் இப்படி ஓடுற?"

"வண்டியில ஏறுங்கக்கா. பேசாம ஏறுங்க."

வெங்காயக் காட்டுக்கும் செண்டுமல்லித் தோட்டத்துக்கும் நடுவில் போகும் மண் ரோட்டில் ஸ்கூட்டர் தாவித் தாவிப் போனது. உச்சி வெயில். பின்னால் உட்கார்ந்திருந்த செபாஸ்தியம்மாளின் தலையில் ஹெல்மெட் ஆடியது. நர்கீஸ் பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. அவளுடைய தோள்கள் நடுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

கம்பி வேலி போட்ட தென்னந்தோப்பு ஒன்று வந்தது. தோப்பு முடியும் இடத்தில் மஞ்சள் அடித்த ஒற்றை அறை. மூன்றாம் நம்பர் பம்பு ரூம். வாசலில் நம்பர் பிளேட் இல்லாத மோட்டார் பைக். வண்டியை நிறுத்தும்போதே ஒரு வாடை முகத்தில் அடித்தது. அழுகலும் உப்பும் சுண்ணாம்பும் கலந்த வாடை.

"இது எங்க அத்தா குடோன் வாடை" என்றாள் நர்கீஸ். "இங்க எப்படி?"

பதில் சொல்ல நேரமில்லை. உள்ளே ஒரு பெண் கத்தினாள்.

இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அய்யம்மாள் தரையில் கவிழ்ந்து கிடந்தாள். நெற்றி உடைந்து ரத்தம் கண்ணில் இறங்கியிருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு தடியன் அவள் முதுகில் முழங்காலை ஊன்றி, அவளுடைய இடது கையைப் பைப்பு பதித்திருந்த சிமெண்டு மேடையில் விரித்து அழுத்திப் பிடித்திருந்தான். வலது கையில் அரிவாள்.

"எந்த விரல்னு சொல்லு. இல்லேன்னா பத்தையும் எடுத்துட்டுப் போயிருவேன்."

அய்யம்மாள் அவன் பக்கம் தலையைத் திருப்பிக் காறித் துப்பினாள்.

அரிவாள் இறங்கவும் செபாஸ்தியம்மாள் ஹெல்மெட்டை வீசவும் சரியாக இருந்தது. ஹெல்மெட் அவன் காதோரம் மோதியது. அரிவாள் விலகி மேடையில் பட்டுத் தீப்பொறி பறந்தது. ஆனால் முழுதாக விலகவில்லை. அய்யம்மாளின் மோதிர விரலின் மேல் கணு துண்டாகி ஈரத் தரையில் விழுந்தது. அவள் கத்திய கத்தலில் தோப்பிலிருந்த காக்கைகள் எழும்பின.

தடியன் எழுந்து திரும்பினான். எதிரே நர்கீஸ். முதல் வீச்சு அவள் தலைக்கு மேலே கதவில் பட்டது. இரண்டாவது வீச்சு, குறுக்கே நீட்டிய இடது முன்கையை முழங்கை வரை கிழித்தது. செபாஸ்தியம்மாள் பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் ஒரு சிலுப்பு சிலுப்பினான். அவள் போய்ச் சுவரில் மோதி விழுந்தாள். விலா எலும்பில் ஏதோ ஒன்று முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மூச்சு வரவில்லை. அரிவாளோடு அவன் நர்கீஸை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. கை எழவில்லை.

அப்போது அய்யம்மாள் எழுந்தாள். வால்வு திறக்கும் இரும்புச் சாவி, ஆள் இடுப்பு உயரம் இருக்கும், சுவரில் சாய்ந்திருந்தது. வெட்டுப்பட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையால் அதை எடுத்து அவன் கணுக்காலுக்கு மேல் வீசினாள். இருபது வருடமாக நாளுக்கு நாற்பது வால்வு திருப்பிய கை. எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவன் மரம் போலச் சாய்ந்தான். அரிவாள் கை நழுவிப் போனது. செபாஸ்தியம்மாள் தவழ்ந்து போய் அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி அதன் மேல் உட்கார்ந்தாள்.

"யாருடா அனுப்புனது?"

"சொல்லிர்றேன், கையை விடு. சொல்லிர்றேன்" என்று அவன் முனகினான்.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம். காமராஜ் உள்ளே ஓடி வந்தார். கையில் காருக்கு ஜாக்கி போடும் கம்பி. வியர்வையில் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "தள்ளும்மா" என்று செபாஸ்தியம்மாளைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கீழே கிடந்தவனின் மண்டையில் ஓங்கி அடித்தார். இன்னொரு அடி. ரத்தம் அவர் சட்டையில் தெறித்தது. மூன்றாவது அடிக்குக் கம்பி உயர்ந்தபோது செபாஸ்தியம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள்.

"செத்துருவான் சார்."

"சாகட்டும். எங்க பழனிய வெட்டுன கை அது."

உண்மையைச் சொன்னால் செபாஸ்தியம்மாளுக்கும் அந்த நொடியில் அவன் சாகட்டும் என்றுதான் இருந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக அவள் வெட்கப்பட்டாள்.

நர்கீஸ் துப்பட்டாவைக் கிழித்து அய்யம்மாளின் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து வழியும் ரத்தமும் அதோடு சேர்ந்துகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"நீங்க எப்படி சார் இங்க வந்தீங்க?"

"தமிழ்மதித் தங்கச்சி போன் பண்ணுச்சு. அய்யம்மாக்காவ மூணாம் நம்பர் பம்பு ரூம்ல ஒளிச்சு வச்சிருக்கோம், பாத்துக்கங்கண்ணேன்னு. மனசு கேக்கல, ஓடியாந்தேன்."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்." நர்கீஸ் முடிச்சை இறுக்கினாள். "செயல் அலுவலர்கிட்ட அவுக காந்திகிராமத்துல ஆஸ்பத்திரியில இருக்கிறதாச் சொல்லச் சொன்னேன். தணிக்கையாளர்கிட்ட வடமதுரையில மக வீட்டுல இருக்கிறதா. மூணு பேருக்கு மூணு இடம். எந்த இடத்துக்கு அரிவாள் வருதோ அந்த இடத்தச் சொன்ன ஆளுதான் கொலைக்குக் காரணம். மூணாம் நம்பரச் சொன்னது உங்க ஒருத்தர்கிட்டத்தான் சார். உங்களுக்கு முன்னாடி உங்க ஆளு வந்துட்டான்."

ஸ்கூட்டரில் அந்தத் தோள்கள் ஏன் நடுங்கின என்று செபாஸ்தியம்மாளுக்கு இப்போதுதான் புரிந்தது. ஆளே இல்லாத இடம் என்று நர்கீஸ் நினைத்துச் சொன்ன பொய், அய்யம்மாளைத் தேடிப் போய் நின்றிருக்கிறது.

காமராஜ் யாரையும் பார்க்கவில்லை. கீழே கிடந்தவன் முனகுவதைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். கதவைத் தாண்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு ஆள் இல்லை.

"பொம்பளைக மூணு பேரு" என்றார் அமைதியாக. "இவன் வெட்டினான், நான் இவன அடிச்சேன். யாரு கேக்கப் போறா?"

கம்பி நர்கீஸின் தலைக்கு வந்தது. அவள் அய்யம்மாளின் மேல் கவிழ்ந்தாள். அடி அவளுடைய தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் காமராஜ் கையை ஓங்கியபோது செபாஸ்தியம்மாள் தரையில் கிடந்த இரும்புச் சாவியை எடுத்திருந்தாள். பயிற்சிக் கல்லூரியில் லத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தபோது முதல் நாளே சொன்ன பாடம், தலையைத் தேடாதே, முழங்கையைத் தேடு. தேடினாள். கம்பி பறந்து போய்ச் சுவரில் பட்டது. காமராஜ் அலறிக்கொண்டு திரும்பி அவள் தொண்டையைப் பிடித்தார். அடிபடாத கை அது, நெரித்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அவள் சாவியைக் கீழே இறக்கி முழங்காலில் ஒரு இடி இடித்தாள். பிடி தளர்ந்தது. இன்னொன்று. அவர் மடங்கி விழுந்ததும் அவர் முதுகில் தன் எண்பது கிலோவையும் இறக்கிவைத்தாள்.

"விலா எலும்பு போயிருச்சு சார், என்னால சட்டுன்னு எந்திரிக்க முடியாது" என்றாள் மூச்சு வாங்க. "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நீங்களும் இப்படியே படுத்திருங்க."

அடுத்த அரை மணி நேரத்தில் போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, தமிழ்மதி வந்தார். மண்டை உடைந்த தடியனுக்கு நாடி இருந்தது. காமராஜின் காரில், சீட்டுக்கு அடியில் ஐஸ் போட்டு மூடிய பிளாஸ்க் ஒன்று இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார். பழனிக்குமாரின் விரல் கிடைத்துவிட்டது.

தோப்புக்குள்ளே போன கான்ஸ்டபிள்கள் தண்ணீர் வற்றிப்போன போர்வெல் குழிக்குள் ரப்பர் குழாய் செருகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். குழாயின் வாயில் வெள்ளைப் படிவம். தோப்பு காமராஜுடையது. வெள்ளிக்கிழமைதோறும் எங்கிருந்தோ டேங்கர் லாரிகளில் தோல் கழிவு வந்து அந்தக் குழிக்குள் இறங்கியிருக்கிறது. அங்கிருந்து அறுபது அடியில் ஊர் குடிக்கும் மூன்றாம் நம்பர் கிணறு.

"கிணத்துத் தண்ணியோட உப்பு எம்புட்டுன்னு மணிக்கு மணி பெட்டியில பதிவாகும்" என்றாள் நர்கீஸ். ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்து கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். "அதத்தான் அழிக்கப் பாத்திருக்காரு. பெட்டி மெட்ராசுக்குப் போகக் கூடாதுன்னு அவரு சத்தம் போட்டது உங்க ஊருக்காக இல்ல மேடம்."

"என் தீர்மானத்துல மொதக் கையெழுத்து அவருதான் போட்டாரு" என்றார் தமிழ்மதி. தன் போனை எடுத்தார். "பெட்டியத் திறக்கணும். சாட்சி அதுதான். அய்யம்மாக்காவுக்கு இந்த நிலைமையில விரல் வைக்க முடியாது. மெட்ராஸ்காரங்கள விட்டா வழியில்ல."

யாரிடம் போகக் கூடாது என்று ஒரு வருடம் போராடினாரோ அவர்களிடமே கேட்டார். ஸ்பீக்கரில் ஒரு இளம் ஆண்குரல் பேசியது.

"கரட்டுக்குளமா மேடம்? ஒரு நிமிஷம். உங்க பெட்டி ஏற்கெனவே எங்களோட இணைஞ்சிருக்கே. ஒன்பதாம் தேதி காலைல அஞ்சு முப்பத்தி நாலுக்கு."

ஒன்பதாம் தேதி மதியம்தான் பழனிக்குமார் வெட்டுப்பட்டது. எல்லோரும் ஆம்புலன்சுக்குள் படுத்திருந்த அய்யம்மாளைப் பார்த்தார்கள்.

"நான்தேன் வச்சேன்" என்றாள் அய்யம்மாள். கட்டுப் போட்ட இடது கையின் பெருவிரலை லேசாக அசைத்தாள். "இந்த விரல். அவன் வெட்டுனது வேற. தெனம் காலையில மொதத் தண்ணிய நான்தான வாயில ஊத்திப் பாக்குறேன். ரெண்டு மாசமாக் கசந்துச்சு. பழனித் தம்பிகிட்டச் சொன்னேன். அது பெட்டியப் பாத்துட்டு அப்படியே உக்காந்திருச்சு. இது தோல் ஷாப்புத் தண்ணிக்கா, எனக்குத் தெரியும், இங்க வச்சிருந்தா அழிச்சிருவாக, மெட்ராசுக்கு அனுப்பிட்டுத்தான் சொல்லணும்னுச்சு. மறுநாளே மொத பஸ்ஸப் பிடிச்சு இருட்டோட வந்து நின்னுச்சு. வச்சேன். அன்னைக்குப் பதினோரு மணிக்குத் துணைத் தலைவருகிட்டப் போயிச் சொல்லியிருக்கு, நல்ல மனுசன்னு நம்பி. அனுப்பினத மட்டும் சொல்லல. ஊருக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு சொல்வாகன்னு பயம். எனக்கும் அதே பயந்தேன்."

ஒன்றுக்கும் உதவாத ஒரு விரலுக்காக, ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு பதிவுக்காக அந்த மனிதனை ஏழு இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். செபாஸ்தியம்மாளுக்கு வேடிக்கையாகச் சொல்ல வாயில் எதுவும் வரவில்லை.

தமிழ்மதி போனை வாயருகே கொண்டுபோனார். "தம்பி, மூணாம் நம்பர் கிணத்தோட கணக்க வாசிங்க."

வாசித்தான். வெள்ளிக்கிழமைகளில் நாலு மடங்கு, ஐந்து மடங்கு. போன வெள்ளி ஏழு மடங்கு.

"மூணு நாளா இது உங்க கையில இருக்கு. யாருமே பாக்கலையா?"

"எங்களுக்கு இதைப் பாக்குறதுக்கு உத்தரவு இல்ல மேடம். பாதுகாக்கத்தான் உத்தரவு."

தமிழ்மதி ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தார். "நகல் எனக்கு வேணும். இன்னைக்கே. என் தீர்மானத்த நான் வாபஸ் வாங்கலன்னும் எழுதிக்கங்க" என்று சொல்லி வைத்தார்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்தார். "மேடம், ஸ்டேஷனுக்கு வந்தீங்கன்னா உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போயிரலாம்."

"சாயங்காலம் வாரேன் சார். சந்தையில மிரட்டுனதுக்கு அவரு செத்த நேரம் உள்ள இருக்கட்டும்."

பந்தலுக்கு மைக் கட்டக் கொண்டுவந்திருந்த ஆட்டோ, செய்தி கேட்டு ஓடி வந்த கூட்டத்தைத் தொடர்ந்து வந்து ரோட்டோரம் நின்றது. தமிழ்மதி நேராகப் போய் அதன் முன்சீட்டில் ஏறி, டிரைவரிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். ஆட்டோ ஊரைப் பார்த்துக் கிளம்பியது. வெங்காயக் காட்டுக்கு மேலே அவருடைய குரல் கேட்டது.

"தமிழ்மதி பேசுறேன். குழாய்த் தண்ணியக் குடிக்காதீங்க. சமைக்காதீங்க. பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க. மூணாம் நம்பர் கிணத்தை இப்ப மூடுறோம். தண்ணில விஷம் கலந்தது நம்ம ஆளு. ரெண்டு மாசமாக் குடிச்சிருக்கோம், எனக்குத் தெரியல. என்னையத் திட்டணும்னா நாளைக்கு ஆபீசுக்கு வாங்க, உக்காந்திருப்பேன். இப்பக் குடத்தக் கீழ கொட்டுங்க."

முதல் தெருவின் பொதுக்குழாயில் ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். ஆட்டோ அவர்களைத் தாண்டிப் போனது. பிறகு ஒருத்தி இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி, காலால் சாய்த்துவிட்டாள்.